இருபது தவ்

என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மற்றதெல்லாம் பிறகுதான். பெயர் அழகமுத்து. வயது ஐம்பத்து நான்கு. ஹத்தெல்ல தோட்டத்து மேற்பிரிவில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறார். லொறி ஓட்டுகிற மனிதன் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா? இவர் வண்டி ஓடும்போது மட்டும்தான் திறந்து வைத்திருப்பார். நின்றால் போதும், ஸ்டியரிங்கில் கை, கையில் கன்னம், அடுத்த மூச்சில் கனவு.

நாங்கள் மலையிலிருந்து சாக்கைச் சுமந்து வந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையாக நிற்போம். மழை கொட்டும், அட்டை ஏறும், கங்காணி கத்துவார். ஓரமாக அந்த லொறி எஞ்சின் ஓடியபடி நடுங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே இவர் தூங்குவார். எஞ்சினை நிறுத்தமாட்டார். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் பிடிக்காது என்று ஊருக்குச் சொல்வார். நிறுத்தினால் கனவு வராது என்பதை எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்.

கனவென்றால் நம்மைப்போல் பாம்பும் பல்லும் விழுகிற கனவல்ல. ஒருநாள் மடுவத்துத் தராசில் கொழுந்துக்குப் பதிலாக மூடுபனியை நிறுத்தார்களாம். ஆளுக்குப் பதினெட்டு கிலோ பனி. "ஈரம் கழிச்சா பன்னெண்டுதான்" என்று கங்காணி எழுதினாராம். கனவிலும் எங்களுக்குக் கழிவுதான். இன்னொரு நாள் மாவனல்லைப் பாலத்தடியில் ஓடுகிற மகா ஓயா ஆறு எழுந்து, பாலத்தின் மேலே ஏறி நடந்து போனதாம். பஸ்ஸும் லொறியும் கீழே மணலில் நின்று அது போகிறவரைக்கும் பார்த்தனவாம். ஒரு தடவை லொறிக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது, குடும்பத்தோடு வரச் சொல்லிப் போட்டிருந்தது, என்ன உடுத்திக்கொண்டு போவது என்று அதற்குக் கவலை.

"இதைக் கேக்கவா நான் காலையில இருந்து மலையில நின்னேன்?" என்று சீறுவேன். ஆனால் அந்தியில் அடுப்பில் ரொட்டி வேகும்போது, "இன்னைக்கு என்னா கனவு?" என்று முதலில் கேட்பவள் நான்தான்.

நான் கலைச்செல்வி. கல்யாணத்துக்கு முன்னால் மாவனல்லையில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் நின்றேன். அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் சிங்களம் பேசுபவர்கள். "தவ மொனவத?" என்று ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்பேன். இன்னும் என்ன வேண்டும் என்று அர்த்தம். தவ என்றால் இன்னும். என் நாக்கில் அந்தச் சொல் அப்படி ஊறிப்போனது. முகத்தைப் பார்க்காமல் என் சிங்களத்தைக் கேட்டால் ஒருவரும் என்னைத் தோட்டத்துப் பெண் என்று சொல்லமாட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

அந்தக் கடைக்கு இவர் லேஞ்சி, அதாவது கைக்குட்டை, வாங்க வருவார். லேஞ்சி மட்டும்தான். அப்போது இவர் தோட்டத்து லொறியில் கிளீனர். வாரம் ஒரு லேஞ்சி. ஒரு மனிதனுக்கு எத்தனை மூக்கு இருக்கிறது? தமிழ் ஆள் என்று தெரிந்தும் விளையாட்டாக "தவ மொனவத?" என்று கேட்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். பதினோராவது லேஞ்சியன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு "தவ ஒயா" என்றார். இன்னும் நீ வேண்டும் என்று சொல்ல வந்தவர். சிங்களத்தில் ஒயா என்றால் நீ, ஓடும் ஆற்றுக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். கடையில் நின்றவர்களுக்கு 'இன்னொரு ஆறு' என்று கேட்டது. கடையே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. மூன்றாம் மாதம் கல்யாணம்.

முப்பது வருடமாகச் சிங்கள ஊருக்கு நடுவில் லொறி ஓட்டியும் இவருடைய சிங்களம் தேறவேயில்லை. எஞ்சினோடு பேசுகிறவருக்கு மனிதர் பேச்சு எப்படி ஏறும்? ஒருமுறை பொலிஸ் மறித்து என்ன ஏற்றிப் போகிறாய் என்று கேட்டபோது, சாமான் இருக்கிறது என்பதற்கு "படு தியெனவா" என்று சொல்லாமல் "பட தியெனவா" என்று சொல்லியிருக்கிறார். லொறிக்கு வயிறு இருக்கிறது என்று அர்த்தம். பொலிஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, எத்தனை மாதம் என்று கேட்டாராம். அன்றிலிருந்து இவர் எங்கே சிங்களம் பேசினாலும் பக்கத்தில் நின்று நான் திருத்துவேன். என் வேலையே அது.

தோட்டம் அந்த லொறியைக் கழித்தபோது, தனக்கு வந்த சேமலாப நிதியைக் கொடுத்து இவரே எடுத்துக்கொண்டார். பிறகு அதே லொறியில், அதே கொழுந்தை, தேயிலை அரைக்கிற அதே ஸ்டோருக்குச் சொந்த லொறிக்காரராக ஏற்றினார். மகளைக் குருவிட்டையில் கட்டிக் கொடுத்தோம். லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், நாங்கள் இரண்டு பேர். வாழ்க்கை ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

போன வைகாசியில், கீழ் மலையிலிருந்து பாரத்தோடு ஏறும்போது, மூன்றாவது வளைவில் எஞ்சினுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். டொக், டொக். இவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். இன்னும் நூறு யார் தூரம் ஓட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று பின்னால் தெரிந்தது. எஞ்சினைத் தானே கழற்றினார். கிராங்க் போய்விட்டது என்றார்.

கிராங்க் என்றால் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எஞ்சினின் அடிவயிற்றில் சுற்றுகிற இரும்புத் தண்டு. அதில் நான்கு இடத்தை இவர் மணிக்கட்டு என்பார். நான்கு பிஸ்டனும் அந்த நான்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்குகின்றன. இடையில் வளையல் மாதிரி பெயாரிங் இருக்கும். மணிக்கட்டு தேய்ந்து கோடு விழுந்தால் அதை மெலிதாகக் கடைந்து, கனத்த வளையல் போட வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு. முதல் தரம் பத்து, பிறகு இருபது, பிறகு முப்பது. முப்பதுக்கு மேல் வளையல் கிடையாது. கிராங்கைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

என்னுடைய பழைய சேலையில் அதைச் சுற்றி, பிள்ளையைக் கொண்டுபோகிற மாதிரி மாவனல்லைக்குக் கொண்டுபோனார். அங்கே ஜுனைதீன் நானாவின் லேத் கடை. கிராங்க் கடைகிற பெரிய மெஷின் அவரிடம்தான் இருக்கிறது. அளந்து பார்த்தவர், இது தோட்டத்துக் காலத்திலேயே பத்துக்கு வெட்டிய கிராங்க் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது மணிக்கட்டில் ஆழமாக ஒரு கோடு. இருபதுக்கு வெட்டினால் அழிந்துவிடும் என்று நினைக்கிறாராம், சத்தியம் பண்ணமாட்டாராம். அவருக்கு ஒரு சட்டமும் உண்டு.

"பெயாரிங்கத் தேடி எடுங்க முதல்ல. வாங்கியாச்சின்னு ஒரு சத்தம் வந்தாத்தான் நான் வெட்டுற கல்லு வெக்கிற. வெட்டிட்டுப் பெயாரிங் தேடினவன் எல்லாம் ரோட்டுலதான் நிக்கிறான்."

இறக்குமதி நின்று திரும்பிய காலத்துக்குப் பிறகு, பழைய லொறிகளுக்குச் சாமான் கிடைப்பதென்றால் சாமி கும்பிட வேண்டும். இரண்டு வாரம் அலைந்தார். கேகாலையில் இல்லை, கண்டியில் இல்லை. ஸ்டோர் கிளாக்கர் நல்ல மனிதர்தான், ஆனால் கொழுந்து காத்திருக்காதே. திங்கட்கிழமை காலை மடுவத்தில் லொறி நிற்கவேண்டும், இல்லையென்றால் அந்தப் பாதையை வேறு லொறிக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்.

கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் காம்பராச் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. நீலச் சட்டை. என் அக்கா மகன் பிரதீபன் கொழும்பில் செக்கியூரிட்டி கம்பெனியில் இருக்கிறான். சித்தப்பா சும்மா இருக்கிறாரே என்று, பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் கேட்டில் நிற்கிற வேலையைப் பேசி, சட்டையையும் முன்கூட்டியே கொடுத்தனுப்பிவிட்டான். ஒன்றாம் தேதி சேரவேண்டும். பன்னிரண்டு மணிநேரம் நிற்கவேண்டும், கண்ணை மூடக்கூடாது. மாதத்துக்கு ஒருமுறை வரலாம். போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் என்பது தீபாவளி ஆகிவிடும்.

அந்த இரண்டு வாரமும் இவர் கனவு காணவில்லை. "இன்னைக்கு என்னா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள" என்பார். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சுவரைப் பார்ப்பார். நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அவரில்லாத அந்தக் காம்பராவில் என்ன கனவென்று நான் யாரைக் கேட்பது? பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், அதனால் அந்த இரண்டு வாரமும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போனார். பகல் பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. பின்னால் சந்தைக் கூச்சல்.

"கலை, கெடச்சிருச்சு! இருபது. ஒரே ஒரு செட்டுதான் இருந்துச்சு, கையில வச்சிருக்கேன். ஜுனைதீன் நானாவுக்கு அடிச்சேன், எடுக்கல. சார்ஜ் சாகப்போகுது. கடை நம்பரு கலண்டர்ல எழுதியிருக்கு பாரு. இருபது தவ்னு சொல்லு. இருபது தவ் வெட்ட சொல்லு. இன்னைக்கு மிஷினுல ஏத்தலைன்னா—"

போன் செத்துவிட்டது.

தவ்வா? எனக்குச் சிரிப்பு வந்தது. தவ என்று கூட இந்த மனிதனுக்கு வாய் வரவில்லையே! முப்பது வருடம் ஆகியும், எனக்கு லேஞ்சிக் கடையில் சொன்ன சொல்லையே கொலை பண்ணுகிறாரே. இருபது தவ என்றால், இன்னும் இருபது. சரி, நாம் ஒழுங்காகச் சொல்வோம் என்று நம்பரைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் ஜுனைதீன் நானா எங்கே இருப்பார்? ஜும்மாத் தொழுகையில். எனக்கு அது தெரியும், அந்த நிமிடத்தில் தோன்றவில்லை. போனை எடுத்தது மெஷினில் நிற்கிற மேஸ்திரி, திலகசிறி பாஸ். சிங்கள ஆள். சந்தோஷமாகப் போய்விட்டது எனக்கு. வாயில் தேன் ஒழுக, அழகமுத்து வீட்டிலிருந்து பேசுகிறேன், பெயாரிங் வாங்கியாகிவிட்டது, "தவ விஸ்ஸக் கபன்ன" என்றேன். இன்னும் ஒரு இருபது வெட்டுங்கள்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டு, "தவ விஸ்ஸக்மத?" என்று கேட்டார். இன்னும் இருபதேதானா?

"ஒவ், ஒவ். தவ விஸ்ஸக்."

"ஏக அந்திம எக்க, நோனா." அதுதான் கடைசி.

இன்றைக்கு அதுதான் கடைசி வேலை என்று சொல்கிறார் போல என்று எண்ணி, ஆமாம் ஆமாம், கடைசிதான், சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றி, வாசலில் நின்று, பெரிய காரியம் செய்த பெருமையோடு குடித்தேன். பனி இறங்கி லயத்துக் கூரைகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அதுகூட அழகாக இருந்தது.

அந்திக்கு வந்தார். லேஞ்சியில் முடிந்த பெயாரிங் பொட்டலத்தை மேசையில் வைத்தார். முகம் சரியில்லை.

"மூணாவது மணிக்கட்டு முப்பதுக்குப் போயிருச்சு" என்றார்.

"என்னாது?"

"பத்துல இருந்ததுல இன்னும் இருபது வெட்டிட்டாங்க. நானா பள்ளிவாசல்ல இருந்து வந்து பாத்து நிறுத்தினாரு. மூணாவது மட்டும்தான். மத்த மூணும் தப்பிருச்சு. ஆனா என் கையில இருக்கிறது எல்லாம் இருபது பெயாரிங். முப்பது எங்கயும் இல்ல."

"எப்பிடி வெட்டினான் அவன்? யாரு சொன்னா?"

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"நான்தான். வழியில ஒரு கடையில இருந்து திலகசிறிக்கும் ஒரு போன் போட்டேன். என் சிங்களம் தெரியும்தானே. வாயில பிசகிருச்சு."

ஐயோ, அன்று அந்த மனிதனை நான் பேசிய பேச்சு! ஒரு சொல் ஒழுங்காகப் பேச வக்கில்லாத வாய் என்றேன். என்னிடம் சொன்ன பிறகு நீ ஏன் நடுவில் போனாய் என்றேன். உன் நாக்கால்தான் நீ கொழும்பில் போய்க் காவல் நிற்கப்போகிறாய் என்றேன். பக்கத்துக் காம்பரா மருதாயி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தொட்டு, ஒரு ஓரத்தையும் விடாமல் தின்றார். "நல்லா இருக்கு" என்றார். அதற்கும் திட்டினேன்.

மறுநாள் சனிக்கிழமை, நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். இனி அங்கே சிங்களத்தில் பேசவேண்டியதை நான் பேசுகிறேன், நீ வாயைத் திறக்காதே என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். "நீ எதுக்கு புள்ள, வெயிலு" என்று இரண்டு தரம் தடுத்துப் பார்த்தார். வெயிலாம். மழை பெய்துகொண்டிருந்தது.

ஜுனைதீன் நானாவின் கடை ரோட்டிலிருந்து சற்று இறக்கத்தில், ஓயாப் பக்கமாக இருக்கிறது. உள்ளே எண்ணெய் வாசம். எங்களுடைய கிராங்க் ஒரு நீள மெஷினில் படுத்திருந்தது. இவர் கும்பிடுகிற மாதிரி அதைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. நேராக மெஷினுக்கு முன்னால் நின்ற திலகசிறி பாஸிடம் போய், என் முழுச் சிங்களத்தையும் அவிழ்த்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான் தெரியாமல் சொன்னார், உமக்கு வேலை தெரியாதா, ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவேண்டாமா, ஒரு குடும்பத்தின் கஞ்சி இந்த இரும்பில் இருப்பது தெரியாதா?

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. எங்கேயோ கேட்ட பாட்டை ஞாபகப்படுத்துகிறவர்போல் தலையைச் சாய்த்தார். பிறகு மெதுவாக ஜுனைதீன் நானா பக்கம் திரும்பினார்.

"மே கடஹட தமயி" என்றார். இந்தக் குரலேதான். "நோனா தமயி கிவ்வே. தவ விஸ்ஸக் கபன்ன கியலா." இந்த அம்மாதான் சொன்னார், இன்னும் இருபது வெட்டச் சொல்லி.

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மூலையில் இருந்த துளை போடுகிற மெஷினை, அதைப் பெண் பார்க்க வந்தவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜுனைதீன் நானாதான் பேசினார். "தங்கச்சி, இரிங்க. உங்களுக்கு யாரும் சொல்லித் தரல்ல. எங்கட வேலையில தவ்வுன்னு ஒண்ணு ஈக்கி. ஒரு அங்குலத்த ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்கு தவ். உங்கட தல மயிரு ஒண்ணு மூணு தவ் வரும். இருபது தவ்வுக்கு வெட்டச் சொன்னா, மொத்தமா இருபதுக்குக் கொண்டு வாறது. நீங்க தவன்னு சொல்லிட்டீங்க. சிங்களத்துல அது 'இன்னும்' எல்லோ? அவன் பத்தையும் இருபதையும் கூட்டிட்டான்."

"அப்ப இவரு போன் போட்டேன்னு சொன்னாரே?"

"இவரா? இவர்ட போன் நேத்து நான் இங்க சார்ஜ் போட்டுக் குடுக்கிற வரைக்கும் மையத்து மாதிரி செத்துக் கெடந்த."

என் வீட்டுக்காரர் சொன்ன சொல்லில் பிழையே இல்லை. தவ் என்றுதான் சொன்னார், தவ் என்பதுதான் சரி. முப்பது வருடத்தில் ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லியிருக்கிறார், அதையும் நான் திருத்திவிட்டேன். திருத்திவிட்டு, அந்தப் பிழையை அவர் தலையில் போட்டு, ஒரு மணிநேரம் திட்டியுமிருக்கிறேன். அவர் ரொட்டி நல்லாயிருக்கு என்றார். எனக்கு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழவேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன், அழுதேன். இரும்புத்தூள் சேலையெல்லாம் ஒட்டியது.

"ஏ புள்ள, எந்திரி. அழுக்கு" என்றார் இவர்.

ஜுனைதீன் நானா தேத்தண்ணி வரவழைத்தார். பிறகு ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிவந்து பலகையில் கவிழ்த்தார். உடைந்த செட்டுகளில் மிஞ்சிய பெயாரிங்குகள், பாதிப் பாதி வளையல்கள், ஒரு இருநூறு இருக்கும். பாவிக்காத ஒன்றையும் அவர் எறிந்ததில்லையாம். மூன்றாவதுக்கு மட்டும் முப்பதில் ஒரு சோடி கிடைத்தால் போதும், மற்ற மூன்றையும் இருபதுக்கே வெட்டிக்கொள்ளலாம் என்றார். ஒரே கிராங்கில் இரண்டு அளவு போடுவது அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனால் ஓடும்.

முதுகில் முப்பது என்று அடித்த ஒரு பாதியை இவரே கண்டெடுத்தார். மறுபாதி இல்லை. நான்கு பேரும் தலையைக் குனிந்து பொறுக்கினோம். பல துண்டுகளில் எண் அழிந்திருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சேலையைக் காட்டி, இதற்கு ஜாக்கெட் துணி வேண்டும் என்று கேட்டால், நூறு பச்சையில் அந்தப் பச்சையை எடுத்துக் கொடுத்தவள் நான். அந்தப் பாதியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். முதுகில் லேசாகச் செம்பு ஓடிய சாம்பல். மற்றதெல்லாம் வெறும் சாம்பல், நீலச் சாம்பல், புகைச் சாம்பல். டின்னின் அடியில், எண்ணெய்க் காகிதம் ஒட்டிய ஒரு துண்டை உரித்தேன். அதே செம்பு.

ஜுனைதீன் நானா துடைத்து அளந்தார். இன்னொரு தரம் அளந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அன்று மாலைவரை அங்கேயே இருந்தேன். கல் சுற்ற, அதன்மேல் பால் மாதிரித் தண்ணீர் ஓட, மற்ற மூன்று மணிக்கட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வந்தன. திலகசிறி பாஸ் ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்தி என் பக்கம் திரும்பி, "ஹரித நோனா?" என்று கேட்டார். சரியா என்று. கேலிதான். வாங்கிக்கொண்டேன். மூன்றாவதன் கோடு இருபதிலேயே அழிந்திருக்குமா என்று ஜுனைதீன் நானாவிடம் கேட்டேன்.

"அழிஞ்சிருக்கவும் கூடும், கூடாமலும் ஈக்கும். அந்த இரும்பு இப்ப இல்ல. இனி அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனா தங்கச்சி, மூணாவதுக்கு இனி வெட்டு இல்ல. அதையும் தெரிஞ்சு கொள்ளுங்க."

ஞாயிறு முழுவதும் லொறிக்கடியில் கிடந்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எஞ்சின் இன்னும் ஒரு தரம்கூட ஓடவில்லை, ஓடுமா என்றும் தெரியாது. துடைக்கத் துணி கேட்டார். காம்பராவுக்குப் போய், ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கொண்டுவந்து நீட்டினேன்.

நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். "புள்ள, இது பிரதீபன் குடுத்தது."

"தெரியும். தொடைங்க."

துடைத்தார்.

திங்கட்கிழமை விடியலில் பனி மூக்குவரைக்கும் இருந்தது. சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி இருமியது. மூன்றாவது தரம் ஒரு உறுமல், ஒரு குலுக்கல், பிறகு அந்தப் பழைய சத்தம். லயத்தில் கதவுகள் திறந்தன. இவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். கதவு தட்டுகிறவர் யாரும் உள்ளே இல்லை.

ஏழரைக்கு லொறி மடுவத்தில் நின்றது. கிளாக்கர் பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நாங்கள் மலைக்குப் போனோம். பத்து மணி நிறுவைக்குச் சாக்கோடு இறங்கிவரும்போது, பனிக்குள்ளிருந்து அந்த நடுக்கம் கேட்டது. எஞ்சின் ஓடுகிறது. கிட்டப் போனால், ஸ்டியரிங்கில் கை, கையில் கன்னம்.

என் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். கண்ணை அரைவாசி திறந்தார்.

"என்னா கனவு?" என்றேன்.

"உன் துணிக்கடை. லொறி உள்ளே வந்து நின்னுக்கிட்டு லேஞ்சி கேக்குது. நீ அளந்து வெட்டிக் குடுக்கிற."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயில் வந்தது வேறு.

"அந்த மூணாவதுக்கு இனி வெட்டு இல்லன்னு நானா சொன்னாரு. எத்தன நாளைக்கு ஓடும் இது?"

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

"தவ விஸ்ஸக்" என்றார்.

நாளா, மாதமா, வருடமா என்று கேட்டேன். அதற்குள் தூங்கிவிட்டார். அவர் சொன்ன சிங்களத்தில் ஒவ்வொரு எழுத்தும் சரியாக இருந்தது. திருத்துவதற்கு ஒன்றுமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, மலைக்குப் போனேன்.